நீர் ஓடிய நாடு
ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் கமக்காரரும் அவர்கள் இழந்த காணிகளும்

சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பங்களிடம் இரண்டு கேள்விகள் ஓயாமல் இருக்கும். திரும்பிப் போவோமா என்பது ஒன்று. போகும்போது அங்கே எமக்கென்று என்ன மிஞ்சியிருக்கும் என்பது மற்றொன்று. இக்கேள்விகளைக் கேட்டவர்கள் நாம் மட்டுமல்ல. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு என்று ஓரிடம் உண்டு. 1863ஆம் ஆண்டில் அங்கிருந்த ஆதிக்குடிகள் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய காணியில் குடியேறிக் கமம் செய்த வெள்ளையர், 1920களில் நீரை இழந்து வெளியேறினர். அவர்கள் விட்டுப்போன பழத்தோட்டத்தில், 1942இல், வேறிடங்களிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட யப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டன.

ஒரே மண்ணில் எண்பது ஆண்டுகளுக்குள் மூன்று கூட்டத்தார் பட்ட பாடு இது. அவர்களுள் எவருக்கும் இழந்தது முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் சில கிடைத்தன. எவை கிடைத்தன, எதனால் கிடைத்தன என்பதை அறிந்துகொள்வது எமக்குப் பயன்தரும்.

பள்ளத்தாக்கும் மலையடிவாரமும்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே 200 மைலுக்கு மேல் சென்றால் இப்பள்ளத்தாக்கை அடையலாம். மேற்கே சியெரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சியாகிய விற்னி மலை 14,500 அடி உயரமானது. கிழக்கே இன்யோ மலைகளும் வெள்ளை மலைகளும். நடுவே சுமார் 75 மைல் நீளத்துக்குக் கிடக்கும் ஒடுங்கிய சமநிலம்.

மழையைச் சியெரா மலைகளே மறித்துக்கொள்வதால் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஐந்து, ஆறு அங்குல மழைதான் பெய்யும். ஆனால் மலை உச்சியில் மாரியில் உறையும் பனி வசந்தத்தில் உருகி, ஓடை ஓடையாக மேற்கு அடிவாரத்தில் இறங்குகிறது. அந்த ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கல்லும் விசிறி விரித்தாற்போன்ற சரிவுகளாகக் கிடக்கின்றன. அவற்றைத் தாண்டி வரும் நீரே ஓவன்ஸ் ஆற்றில் சேர்ந்து, தெற்கே ஓவன்ஸ் ஏரியில் முடிந்தது. ஏரியிலிருந்து கடலுக்குப் போக வழி இல்லை.

ஆகவே இப்பள்ளத்தாக்கின் உயிர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் ஓடையை யார் மறிக்கிறாரோ, அவரே கீழேயுள்ள வயலின் எசமான். பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

முதல் கமக்காரர்

இப்பள்ளத்தாக்கின் ஆதிக்குடிகள் பாயூட் மக்கள். தங்களை அவர்கள் நூமு என்று சொல்வார்கள். பள்ளத்தாக்குக்கு அவர்கள் இட்ட பெயர் பாயஹூனாடு. நீர் ஓடும் இடம் என்பது அதன் பொருள்.

வெள்ளையர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அவர்கள் ஓடைகளை மறித்து வாய்க்கால் வெட்டியிருந்தனர். அவர்கள் உழவுமில்லை, விதைப்புமில்லை. தானாக வளரும் கோரைக்கிழங்கும் நீலப்பூக் கிழங்கும் செழிக்கும் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சி, விளைவைக் கிண்டி எடுத்தனர். இன்று பிஷப் என அழைக்கப்படும் ஊரில் ஓடைக்கு வடக்கே ஒரு வெளியும் தெற்கே ஒரு வெளியும் இருந்தன. ஓராண்டு வடக்குக்கு நீர், மறு ஆண்டு தெற்குக்கு நீர். காய்ந்த வெளி ஓய்வெடுத்து மீண்டும் முளைக்கும்.

நீரைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்கூடி ஒருவரைத் தெரிவு செய்தனர். அவருக்குத் துவைஜு என்று பெயர். எமது குளங்களில் வட்டவிதானை செய்யும் வேலையைப் போன்றது அவருடைய வேலை. கல்லாலும் தடியாலும் சேற்றாலும் அணை கட்டுவதற்கு ஊரவர்கள் சேர்ந்து உதவுவர். நீரைத் திருப்பிவிடும் பொறுப்பு அவருடையது. இலையுதிர் காலத்தில் அணையை உடைத்து விடுவார்கள். அப்போது வற்றும் வாய்க்காலில் துடிக்கும் மீனை எல்லோரும் அள்ளிக்கொள்வர். பின்னர் கிழக்கு மலைகளுக்கு ஏறிப் பைன் மரத்து விதைகளைச் சேகரித்து மாரிக்கு வைத்துக்கொள்வர்.

1859இல் இங்கே வந்த அமெரிக்க இராணுவத் தளபதி டேவிட்சன் இவ்வாய்க்கால்களைக் கண்டு எழுதிவைத்தார். இவ்வாறு எழுத்தில் இருந்தும், சில ஆண்டுகளில் இந்நிலம் ஆளில்லாத வெறுநிலமாகவே கொள்ளப்பட்டது.

முதலாவது வெளியேற்றம்

1861இல் மாட்டுக்காரர் வந்தனர். அயலிலிருந்த சுரங்க ஊர்களில் இறைச்சிக்கு நல்ல விலை. மந்தைகள் பாயூட் மக்களின் கிழங்கு வெளிகளில் இறங்கி மேய்ந்தன. அந்த மாரி மிகக் கொடியது. உணவு அழிந்த மக்கள் மாடுகளைப் பிடித்துத் தின்றனர். மாட்டுக்காரர் சுட்டனர். போர் மூண்டது. 1862 யூலை 4ஆம் திகதி இராணுவம் ஒரு முகாமை அமைத்தது. அமெரிக்காவின் சுதந்திர தினமாகையால் அதற்கு இண்டிபெண்டன்ஸ் என்று பெயர் வைத்தனர். மக்கள் மாரிக்கெனச் சேர்த்துவைத்த உணவைத் தேடித்தேடி அழிப்பது படையினரின் வழியாக இருந்தது.

பசி வென்றது. 1863 யூலையில் சுமார் 900 பாயூட் மக்கள், கோடை வெய்யிலில், தெற்கே தெஜோன் கோட்டைப் பகுதிக்குக் கால்நடையாகக் கொண்டு செல்லப்பட்டனர். வழியில் இறந்தவர்களும் தப்பியோடியவர்களும் உண்டு. போய்ச்சேர்ந்த இடத்தில் போதிய உணவும் இல்லை, நீரும் இல்லை. ஆண்டுகள் செல்ல, பலர் தாமாகவே நடந்து திரும்பினர்.

திரும்பியபோது அவர்களுடைய வாய்க்கால்கள் புதிய கமங்களுக்கு நீர் கொண்டு சென்றன. காணி வேறொருவர் பெயரில் பதியப்பட்டிருந்தது. தாங்கள் வெட்டிய வாய்க்காலின் கரையில், தங்கள் நிலத்திலேயே, அவர்கள் கூலிக்கு வேலை செய்தனர்.

இரண்டாவது வெளியேற்றம்

குடியேறியவர்களும் உழைப்பாளிகளே. 1866இல் இன்யோ மாவட்டம் அமைக்கப்பட்டது. மலையிலே வெள்ளிச் சுரங்கங்கள். சுரங்கத் தொழிலாளருக்கு உணவு தேவை. கோதுமை, சோளம், மாட்டுத் தீவனப் புல், தேன், பழங்கள் என விளைவு பெருகியது. வாய்க்கால் சங்கங்கள் தோன்றின. 1910இல் மன்சனார் என்னும் புதிய ஊரில் காணிகள் பங்கிட்டு விற்கப்பட்டன. மன்சனார் என்பது ஆப்பிள் தோட்டத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். ஆப்பிளும் பேரியும் அங்கே நன்றாகக் காய்த்தன.

அதே காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வீங்கிக்கொண்டிருந்தது. 1900இல் சுமார் ஒரு இலட்சமாக இருந்த சனத்தொகை 1910இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. நகரத்துக்கும் நீர் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நீரை எடுத்த விதமே மறக்க முடியாதது.

1903 முதல் மத்திய அரசின் நீர்ப்பாசனத் திணைக்களம் கமக்காரருக்கென ஒரு திட்டம் போடுவதற்குப் பள்ளத்தாக்கை அளந்து வந்தது. மக்கள் நம்பித் தகவல்களைக் கொடுத்தனர். 1905இல் நகரத்தின் முன்னாள் முதல்வர் பிரெட் ஈட்டன் வந்து ஆற்றோரக் காணிகளுக்கு விலை பேசினார். அரசின் திட்டத்துக்காகவே அவர் வாங்குகிறார் எனப் பலர் எண்ணினர். திணைக்களத்தின் அப்பகுதிப் பொறியியலாளரோ நகரத்திடமும் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்தார். யூலை மாத இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை உண்மையை வெளியிட்டபோது தலைவாசல் காணிகள் கைமாறியிருந்தன. கமக்காரருக்கான திட்டம் கைவிடப்பட்டது.

பொறியியலாளர் வில்லியம் முல்ஹோலண்டின் தலைமையில் 233 மைல் நீளமான கால்வாய் கட்டப்பட்டு, 1913 நவம்பர் 5ஆம் திகதி திறக்கப்பட்டது. பம்பி எதுவுமின்றி, நிலத்தின் சரிவிலேயே நீர் நகரம் வரை ஓடியது. தொழில்நுட்பத்தில் பெரிய சாதனைதான். ஆனால் அக்கால்வாய் எங்கே செல்கிறது என்று பாருங்கள். பள்ளத்தாக்கின் தென்பகுதியில் அது மேற்கு அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வயலை அடைய முன்பே அதற்குள் விழுந்துவிடுகின்றன.

கால்வாயின் வாய் இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு வடக்கே இருந்தது. ஆகவே அதற்கு மேலே இருந்த கமக்காரர் தொடக்கத்தில் பிழைத்துக்கொண்டனர். 1920களில் வறட்சி வந்தது. நகரம் மேலும் நீர் கேட்டது. கமக்காரர் ஒரு நீர்ப்பாசனச் சங்கத்தை அமைத்து, ஒன்றாக நின்று விலைபேச முயன்றனர். நகரத்தின் முகவர்கள் சங்கத்தோடு பேசவில்லை. தனித்தனி ஆட்களோடு பேசினர். 1923இல் ஒரு பெரிய வாய்க்காலின் முக்கிய பங்காளிகளை வாங்கினர். பின்னர் சதுரங்கப் பலகைபோல் இங்கொரு காணி, அங்கொரு காணி என வாங்கினர். அயலவன் விற்றுவிட்டால் வாய்க்காலைத் துப்புரவு செய்ய ஆளில்லை. செலவைப் பங்கிட ஆளில்லை. மிஞ்சியவனும் விற்கத்தான் வேண்டும். பின்னுக்கு நின்றவன் கூடிய விலை பெற்றதும் உண்டு, காத்திருந்து கெட்டதும் உண்டு. சகோதரருக்கிடையே கூடப் பேச்சு நின்றது.

1924 மே மாதத்தில் கால்வாய் வெடிவைத்து உடைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி சுமார் 70 பேர் அலபாமா குன்றுகளின் அடியிலுள்ள வான்கதவைக் கைப்பற்றித் திறந்து, நகரத்துக்குப் போன நீரை ஆற்றின் வறண்ட படுகைக்குத் திருப்பிவிட்டனர். பெண்களும் பிள்ளைகளும் உணவு சமைத்துக் கொண்டுவந்தனர். நான்கு நாட்கள் அங்கே ஊரே கூடியிருந்தது. எவரும் சுடப்படவில்லை. பேச்சுவார்த்தை என்ற வாக்குறுதியை நம்பிக் கதவை மூடினர். பேச்சால் பெரிதாக எதுவும் வரவில்லை. 1927இல் மீண்டும் வெடிகள் வெடித்தன. அந்த ஓகஸ்டில், போராட்டத்தை முன்னின்று நடத்திய இரு சகோதரர்களின் வங்கிகள் மூடப்பட்டன. பணத்தைக் கையாடியதற்காக அவர்கள் சிறை சென்றனர். கமக்காரர் வைத்திருந்த சேமிப்பும் போயிற்று. சேர்ந்து நின்ற மனமும் போயிற்று.

1930களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் கமக் காணிகளில் சுமார் 95 வீதமும், ஊர்க் காணிகளில் சுமார் 85 வீதமும் நகரத்தின் சொத்தாகிவிட்டன. நகரம் காசு கொடுத்தே வாங்கியது. பலருக்கு நல்ல விலையும் கிடைத்தது. ஆனால் கடைக்காரன், கொல்லன், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு விலை பேச எவரும் இல்லை. மன்சனார் ஊர் வெறிச்சோடியது. கமங்கள் போனதும், அங்கே கூலிவேலை செய்த பாயூட் மக்களுக்கு அந்தக் கூலியும் போயிற்று. ஓவன்ஸ் ஏரி 1920களிலேயே வற்றி, காற்றடிக்கும்போது உப்புத் தூசு எழும்பும் வெட்டையாகியது.

முட்கம்பிக்குள் ஒரு தோட்டம்

1941 டிசம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி சனாதிபதி ரூஸ்வெல்ற் இட்ட கட்டளையின்படி, மேற்குக் கரையோரத்திலிருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட யப்பானிய வம்சாவளி மக்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த பிரசைகள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை.

பத்துப் பெரிய முகாம்களில் ஒன்று மன்சனாரில் அமைந்தது. இராணுவம் அதற்காக 6,200 ஏக்கரை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திடமிருந்து எடுத்தது. ஒரு காலத்தில் அங்கே 10,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பலகைக் கொட்டில்கள், பொதுச் சமையற்கூடம், காவற் கோபுரங்கள், பலகை இடுக்கால் உள்ளே வரும் புழுதி. 1942 டிசம்பரில் முகாமுக்குள் கலவரம் மூண்டபோது படையினர் சுட்டதில் இருவர் இறந்தனர்.

வந்தவர்களில் கமக்காரர் பலர். வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவிலிருந்து 227 பேர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஸ்ட்ரோபெரி பயிரிட்டவர்கள் மிகுதி. அறுவடைக் காலம் வரவிருந்த வேளையில், புறப்படுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆறு நாட்கள். அவர்களிடம் வேலைசெய்த பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர் சிலர் அந்தத் தோட்டங்களைப் பொறுப்பேற்றுப் பராமரித்தனர். அதனால் சில குடும்பங்களுக்குப் போர் முடிந்தபின் திரும்பிப்போக ஒரு தோட்டம் இருந்தது. எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

மன்சனாரில் அம்மக்கள் கைகட்டி இருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக எவரும் சரியாகக் கவனிக்காத பேரி மரங்களையும் ஆப்பிள் மரங்களையும் கண்டனர். கிளை வெட்டினர், நீர் விட்டனர். மரங்கள் காய்த்தன. மரக்கறித் தோட்டங்களும் கோழி, பன்றி வளர்ப்பும் நடந்தன. சாப்பாட்டு வரிசையில் நிற்போரின் மனம் ஆறவென்று கல்லும் நீரும் கொண்டு சிறு பூங்காக்களைச் சமைத்தனர். வெள்ளைக் கமக்காரர் நட்ட மரத்தின் கனியை, பாயூட் மக்களின் நிலத்தில், யப்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் பறித்து உண்டனர். மூன்று கூட்டத்தாரின் கதையும் அந்த மரங்களின் கீழே ஒன்றாகச் சேர்கிறது.

1945 நவம்பர் 21ஆம் திகதி முகாம் மூடப்பட்டது. வெளியேறியோருக்கு 25 டொலரும் பயணச்சீட்டும் வழங்கப்பட்டன. போக இடமில்லாதவர்களும் போகத்தான் வேண்டியிருந்தது.

எவை மீண்டன?

முகாம் மூடப்பட்ட பின்னர், ஒரு பௌத்த குருவும் ஒரு கிறிஸ்தவப் போதகரும் அங்குள்ள மயானத்துக்கு ஆண்டுதோறும் போய் இறந்தவர்களுக்காகச் செபித்து வந்தனர். அங்கே 1943இல் முகாம்வாசிகளே கட்டிய வெண்ணிறத் தூண் ஒன்று நின்றது. 1969இல் இளந்தலைமுறையினர் ஒரு யாத்திரையை ஒழுங்கு செய்தனர். அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகியது. பேசாதிருந்த பெற்றோர் பேசத் தொடங்கினர். ஆவணங்கள் தேடி எடுக்கப்பட்டன. 1988இல் அமெரிக்க அரசு சட்டத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்க உடன்பட்டது. 1992இல் மன்சனார் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது. மண் மூடிக்கிடந்த பூங்காக்கள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய பழமரங்கள் பேணப்படுகின்றன.

பள்ளத்தாக்கில் தங்கியிருந்த மக்களும் விடவில்லை. 1970இல் இரண்டாவது கால்வாய் திறக்கப்பட்டு, நிலத்தடி நீரும் இறைக்கப்பட்டதால் ஊற்றுகள் வற்றின. 1972இல் இன்யோ மாவட்டம் வழக்குத் தொடுத்தது. நீண்ட இழுபறிக்குப் பின் 1991இல் நீர் பற்றிய உடன்படிக்கை ஏற்பட்டது. 2006 டிசம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 62 மைல் தூரத்துக்கு மீண்டும் நீர் விடப்பட்டது. 93 ஆண்டுகள் வறண்டு கிடந்த படுகை அது. ஏரித் தூசை அடக்குவதற்கு நகரம் 200 கோடி டொலருக்கு மேல் செலவிட வேண்டி வந்தது.

பாயூட் மக்களுக்குக் கிடைத்ததே குறைவு. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நகரத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே காணி மாற்றம் நடந்தது. பாயூட் மக்களுக்கென வைக்கப்பட்டிருந்த சுமார் 2,900 ஏக்கர் கொடுக்கப்பட்டு, சுமார் 1,400 ஏக்கர் பெறப்பட்டது. நீர் உரிமை பிறகு பேசித் தீர்க்கப்படும் என விடப்பட்டது. அது இன்னும் தீரவில்லை. ஆனால் அவர்கள் ஒரு வேலையைத் தொடங்கிச் செய்து வருகிறார்கள். புதரும் மணலும் மூடிய பழைய வாய்க்கால்களின் தடங்களை நடந்து நடந்து கண்டு, வரைபடத்தில் பதிகிறார்கள். எமது முன்னோர் இங்கே நீர் பாய்ச்சினர் என்று சொல்லுவது ஒன்று. இதோ இந்த ஓடையிலிருந்து இந்த வெளிக்கு இந்த வாய்க்கால் போயிற்று என்று காட்டுவது வேறொன்று.

எமது கையில் உள்ளவை

இக்கதையில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. திரும்பக் கிடைத்தவை தாமதமாகவும் அரைகுறையாகவுமே கிடைத்தன. ஆனால் கிடைத்த ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரே காரியத்தைக் காணலாம். யாரோ சிலர் இடத்தை மறக்கவில்லை. மறக்காததை எழுத்திலோ வரைபடத்திலோ ஆண்டுதோறும் கூடும் வழக்கத்திலோ வைத்திருந்தனர்.

முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர்களாலும் இதைச் செய்ய முடியும். காணி உறுதி கையில் இருந்தால் பிரதி எடுத்து வேறிடத்திலும் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால், காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், எல்லைக்காரர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். எந்தக் குளத்தின் எந்தத் துருசிலிருந்து எந்த வாய்க்கால் வழியாக நீர் வந்தது, முறை எப்படி இருந்தது, வட்டவிதானை யார் என்பவற்றையும் எழுதுங்கள். ஒரே ஊரவர்கள் நாலைந்து பேர் கூடியிருந்து நிலத்தில் கோடு கீறி ஊரின் படத்தை வரைந்து பார்த்தால், ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லுவார். அதைக் கொப்பியில் பதிந்து, பிள்ளைகளையும் அருகே இருத்துங்கள். ஊரை விட்டு வந்தபோது கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கு வயலின் பெயர் தெரிய வேறு வழியில்லை.

இன்னொன்று. காணி வாங்க ஆள் வரும்போது தனித்தனியே முடிவு எடுக்க வேண்டாம். பசிக்கும் வேளையில் விற்பவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் வாய்க்காலின் தலைப்பிலுள்ள காணி கைமாறினால், அதன் கடைசியில் உள்ள காணியும் அதனோடு கைமாறியதற்குச் சமம். ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் கமக்காரர் அதைக் காலங்கடந்து அறிந்துகொண்டனர். ஊரவர் கூடும் இடம் சிதறியிருந்தாலும், கேட்டுப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் சிதறாமல் இருக்கட்டும்.

சிந்தனைக்கு: உங்கள் ஊருக்கு நீர் எங்கிருந்து வந்தது? அந்த இடத்தின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஊர்க்காரியங்களைப் பேச உங்கள் ஊரவர் கடைசியாக எப்போது ஒன்றாக இருந்தனர்?